டிராக்பால்: 'தடப்பந்து' ஏன் பிழை?

கணினிக் கருவிகள் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் டிராக்பாலைத் 'தடப்பந்து' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 'தடப்பந்துச் சுட்டெலி' என்பது அதைவிட மோசம். நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தும் என் வேலைக்கு இந்தக் கருவிதான் துணை. அதைத் தொட்டுப் பார்த்த யாரும் இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் கருவி. மவுஸை மேசைமேல் நகர்த்துகிறோம். அதோடு மணிக்கட்டும் முழங்கையும் அலைகின்றன. டிராக்பால் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். அதன்மேல் பாதி வெளியே தெரிகிற பந்தை விரலால் உருட்டினால் திரையில் அம்புக்குறி நகரும். ஸ்கேன் எடுக்கப் போனவர்கள் பார்த்திருக்கலாம்: மருத்துவர் ஒரு கையால் வயிற்றில் கருவியை வைத்துக்கொண்டு, மறுகையால் இயந்திரத்தில் உள்ள ஒரு பந்தை உருட்டி அளவு எடுப்பார். அதேதான்.

பெயர் வந்த கதை சின்னது. ரால்ஃப் பெஞ்சமின் 1946இல் பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் திரைக்காக இதை உருவாக்கினார். அவர் வைத்த பெயர் 'ரோலர் பால்'. ராணுவ ரகசியம் என்பதால் அது வெளியே பரவவில்லை. போர்க்கப்பல்களின் ரேடார் தகவலைக் கணினியில் திரட்டும் கனடா கடற்படையின் 'டேட்டார்' திட்டத்தில் 1952இல் தனியாக ஒன்று செய்தார்கள்; அந்த ஊர் பௌலிங் பந்து ஒன்றையே அதில் வைத்தார்கள். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனம் ரேடாருக்காகச் செய்த பந்தைத் தலைகீழாகத் திருப்பி, 1968இல் 'ரோல்கூகல்' என்ற மவுஸாக விற்றது. அந்தப் பெயருக்கும் உருள்பந்து என்றுதான் பொருள். 'டிராக்' என்பது ரேடார்காரர்களின் பேச்சு. திரையில் தெரியும் கப்பலையோ விமானத்தையோ விடாமல் பின்தொடர்ந்து குறிப்பது டிராக் செய்வது. பிரிட்டனில் இதை 'டிராக்கர் பால்' என்று சொல்வதும் உண்டு.

ஆக, 'டிராக்' இங்கே செய்யும் வேலையைச் சொல்கிறது. 'தடப்பந்து' என்று எழுதியவரோ அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே முதலில் கண்ட 'தடம்' என்பதை எடுத்து ஒட்டிவிட்டார். தடம் என்றால் தமிழனுக்கு என்ன தோன்றும்? பேருந்தின் தட எண், ரயில் தடம் புரண்ட செய்தி, தடகளப் போட்டி. இந்தக் கருவியில் பந்து எந்தத் தடத்திலும் ஓடவில்லை. ஒரு குழிக்குள் கிடந்து எல்லாப் பக்கமும் சுழல்கிறது. தடம் இல்லாமல் இருப்பதுதான் அதன் சிறப்பே.

களவுபோன மாட்டைத் தடம் பார்த்துப் போவதும் டிராக் செய்வதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே தடம் என்பது மாடு விட்டுச்சென்ற சுவடு. பின்தொடர்வது என்ற பொருள் 'பார்த்து' என்ற வினையிலிருந்து வருகிறது. வினையை வெட்டிவிட்டால் வெறும் சுவடுதான் மிஞ்சும். மேலும், இன்று கட்டுரை திருத்துபவரோ வீடியோ வெட்டுபவரோ பந்தை உருட்டும்போது எந்தக் கப்பலையும் பின்தொடரவில்லையே.

இன்னொரு கோளாறு சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து, எறிபந்து, பூப்பந்து: எல்லாமே விளையாட்டு. முன்னால் ஒரு சொல் வந்து பின்னால் 'பந்து' என்று முடிந்தால் தமிழ்க் காது அதை விளையாட்டாகத்தான் கேட்கும். போதாக்குறைக்குத் தடகளமும் பக்கத்திலேயே நிற்கிறது. தடப்பந்து என்று ஒரு பள்ளிப் பிள்ளையிடம் சொன்னால் மைதானம் எங்கே என்றுதான் கேட்கும். இந்தக் காரணத்தாலேயே 'உருட்டுப்பந்து' என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை.

மவுஸைச் 'சுட்டி' என்று சொல்வதை ஒட்டிப் 'பந்துச்சுட்டி' என்று எழுதுபவர்கள் பரவாயில்லை. ஆனால் பழைய மவுஸின் அடியிலும் ஒரு பந்து இருந்ததே. அதிலும் இதிலும் உள்ள வேறுபாடு என்ன? அங்கே மவுஸை இழுத்தால் பந்து தானாக உருள்கிறது. இங்கே நாம் பந்தை உருட்டுகிறோம். உருள், உருட்டு, சுருள், சுருட்டு, திரள், திரட்டு. தன்வினையையும் பிறவினையையும் ஒரே எழுத்தசைவில் பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது. இந்தக் கருவிக்கு வேண்டியது சரியாக அந்த வேறுபாடுதான். அதனால் என் சொல் 'உருட்டுச்சுட்டி'. உருட்டுக்கட்டையில் வருவதுபோல ஒற்று மிகும். 'உருட்டு சுட்டி' என்று பிரித்து எழுத வேண்டாம். பாக்குவெட்டி, மண்வெட்டி மாதிரி 'பந்துருட்டி' என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். பாக்குவெட்டி பாக்கை வெட்டுகிறது. இந்தக் கருவி பந்தை உருட்டுவதில்லை, உருட்டுவது விரல். எனவே அது பொருந்தாது.

உருட்டு என்றால் இப்போது புளுகுவது ஆகிவிட்டதே என்பார்கள். தாயம் உருட்டுவதையும் பூனை பாத்திரம் உருட்டுவதையும் நாம் விட்டுவிட்டோமா என்ன? பத்து வருட வழக்குக்குப் பயந்து ஒரு நல்ல வினையைக் கைவிட முடியாது.

பெரிய இடைஞ்சல் வேறு. 'ஸ்க்ரோல்' செய்வதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் 'உருட்டு' என்று போட்டுவிட்டார்கள். 'கீழே உருட்டவும்' என்று திரையில் வருகிறது. பக்கம் எங்கே உருள்கிறது? மேலும் கீழும் நகர்கிறது, அவ்வளவுதான். வீட்டில் அம்மாவிடம் போனைக் கொடுத்தால் 'மேலே தள்ளு' என்றுதான் சொல்கிறோம். நிஜமாகவே உருட்டும் கருவிக்கு வேண்டிய சொல்லை உருளாத பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, கருவிக்குத் தடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சில உருட்டுச்சுட்டிகளில் பந்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதைத் திருகினால் பக்கம் நகரும். அதற்கு இவர்கள் 'உருள்வளையம்' என்பார்கள். 'நகர்த்துவளையம்' என்று சொன்னால் குழப்பமே இல்லை.

கருவியைக் கையில் எடுக்காமல் சொல்லை மட்டும் பெயர்த்தால் கையேட்டின் மற்றப் பகுதிகளும் கெடுகின்றன. அண்மையில் ஒரு கையேட்டில் 'சாதனத்தை மேசையில் மெதுவாக நகர்த்தவும்' என்று படித்தேன். வாங்குபவர் அப்படியே நகர்த்திப் பார்த்து, அம்புக்குறி அசையவில்லை என்று திருப்பி அனுப்புவார். உண்மையில் சொல்லியிருக்க வேண்டியவை வேறு. பந்து மூன்று சிறு மணிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் அழுக்குச் சேர்ந்தால் பந்து சிக்கும். பந்தை வெளியே எடுத்து மணிகளைத் துடைக்க வேண்டும். கட்டைவிரலால் உருட்டும் வகையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பொத்தானுக்கு ஓய்வாக இருக்கும், ஒரு பத்தியை அழுத்திப் பிடித்துத் தேர்வு செய்வது சுலபம். ஆனால் கட்டைவிரல் வலி உள்ளவர்கள் பெரிய பந்தை நடுவில் வைத்த வகையை வாங்குவது நல்லது.

கடையில் போய் 'டிராக்பால்' என்றே கேளுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. பொருளைத் திரிக்கும் தமிழ்ச்சொல்லைவிடத் தமிழ் எழுத்தில் எழுதிய அயற்சொல் மேல். தமிழில்தான் எழுத வேண்டும் என்று உட்காருபவர் 'உருட்டுச்சுட்டி' என்று எழுதட்டும்.