கரையேறிப் பாயும் தண்ணீர்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில், பெர்த்திலிருந்து சாலைவழி சுமார் 3,000 கி.மீ. தள்ளி இருக்கிறது குனுனுரா. 1960-களின் தொடக்கத்தில் ஆர்ட் ஆற்றுப் பாசனத்துக்காகவே எழுப்பிய ஊர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை கொட்டித் தீர்த்துவிடும். அதன்பின் மாதக்கணக்கில் ஒரு தூறல்கூட இருக்காது.

ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஆர்கைல் ஏரி சுமார் 380 டி.எம்.சி. கொள்ளும். அங்கே மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு வரும் தண்ணீர் ஆற்றிலேயே 55 கி.மீ. போல ஓடி, ஊரருகே 1963-ல் கட்டிய திருப்பு அணையில் நிற்கிறது. இந்த அணைக்கு முக்கிய வேலை, 20 மதகுகளைக் கொண்டு நீர்மட்டத்தை ஒரே உயரத்தில் வைத்திருப்பது. அந்த உயரத்தால்தான் ஐவன்ஹோ சமவெளிக்குப் பம்பு இல்லாமலே கால்வாய் பாய்கிறது. வறண்ட மாதங்களில் வந்து குவியும் சுற்றுலாப் பயணிகளின் படகுகள் தரைதட்டாமல் ஓடுவதும் அதே மட்டத்தால்தான்.

வயலின் தலைமாட்டு வாய்க்காலிலிருந்து பாத்திச் சாலுக்குத் தண்ணீர் கரையேறிப் போகவேண்டும். அதற்கு வளைந்த சைஃபன் குழாய். குழாயைத் தண்ணீரில் அமுக்கி, வெளிமுனையை உள்ளங்கையால் பொத்தி, முன்னும் பின்னும் இழுத்துக் காற்றை வெளியேற்றுவார்கள். நிரம்பியதும் பொத்தியபடியே கரைமேல் சாய்த்து, சாலில் இறக்கிக் கையை எடுத்தால் ஓடத் தொடங்கும். வெளிமுனை வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே இருப்பது கட்டாயம். 5 செ.மீ. குழாய், 20 செ.மீ. மட்ட வேறுபாடு என்றால் நொடிக்கு 2 முதல் 3 லிட்டர் வரும். வேறுபாடு பாதியானால் பாய்ச்சல் ஏறத்தாழ 30 சதவீதம்தான் குறையும். ஆனால் வாய்க்கால் இறங்கி உள்முனை காற்றை உறிஞ்சிவிட்டால் ஓட்டம் அறுந்துபோகும். மறுபடி கையால்தான் தொடங்கவேண்டும். கவனிக்காத சால் காய்ந்து கிடக்கும்.

மண் கரிசல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி மறைவதால் சாலின் கடைசிக்குப் போய்ச்சேர நேரமாகும். களி ஊறி உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன்பின் உறிஞ்சுவது மிக மெதுவாக. அப்போதும் குழாயை எடுக்காவிட்டால் தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காது. வேருக்கும் கீழே இறங்கும் மிகைநீர் நிலத்தடி மட்டத்தை உயர்த்தும். அது மேலே நெருங்க நெருங்க உப்பும் கூடவே ஏறும். குனுனுராவில் பாசனம் தொடங்கியபின் நிலத்தடி நீர் ஏறியது உண்மை; கண்காணிப்புக் கிணறுகளின் அளவைப் பாசனக் கணக்கோடு சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தொடக்ககாலப் பருத்தி வேறு காரணத்தால் வீழ்ந்தது: காய்ப்புழு மருந்துகளுக்கு அசையாமல் போக, 1974-ல் சாகுபடி நின்றது. பின்னாளில் வந்தது நம் இந்தியச் சந்தனம். பிற மர வேர்களில் வேரைப் பதித்துத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி அது. ஆகவே நாற்றுப்பையிலேயே ஒரு துணைச்செடி, வயலில் சில ஆண்டுகளுக்கு ஒன்று, நெடுங்காலத்துக்கு வேறொன்று என்று துணை நடவேண்டும். தண்ணீர் தேங்கித் துணைமரம் பட்டுப்போனால், சில பருவங்களுக்குள் சந்தனமும் வாடும்.