கார்பன் வரைபடத்தில் அந்தச் சிவப்புத் திட்டு

செயற்கைக்கோள் எடுத்த கார்பன் வரைபடம் வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கினால், யாராவது எனக்கும் அனுப்பிவிடுவார்கள். அதிகம் வருவது 2014 டிசம்பரில் நாசா வெளியிட்ட படம். கரியமில வாயுவை அளக்க அந்த ஆண்டு ஜூலையில் ஏவிய ஓசிஓ-2 செயற்கைக்கோளின் முதல் உலக வரைபடம் அது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி, பிரேசில், வட ஆஸ்திரேலியா எல்லாம் சிவப்பு, அதாவது அங்கே கரியமில வாயு அதிகம். "கரியமில வாயு வருவது ஆலையிலிருந்து அல்ல, காட்டிலிருந்துதானாம்" என்று கூடவே ஒரு வரி.

எனக்கு அன்றாட வேலையே இந்தத் தரவோடுதான். படத்தில் பிழை இல்லை, படித்த விதம்தான் தப்பு.

தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், கண்ணுக்குத் தெரியாத சில அலைநீளங்களைக் கரியமில வாயு எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று அந்தக் கருவி பார்க்கிறது. கூடவே ஆக்சிஜன் விழுங்கியதையும் அளக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய மாறாதது என்பதால், ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். கடைசியில் கிடைப்பது, தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரைக்குமான சராசரி: பத்து லட்சத்துக்கு 400 சொச்சம் பங்கு. ஒரு பெரிய காடோ நகரமோ அந்தச் சராசரியை அசைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பங்குதான்.

அப்புறம், காற்று சும்மா இருக்காதே. அடுக்குமாடிப் படிக்கட்டில் கருவாட்டு வாசனை வருகிறது. நாலாவது மாடியில் தூக்கலாக இருக்கிறது என்பதற்காக நாலாவது மாடிக்காரர் கதவைத் தட்டலாமா? எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். காற்று எப்படி நகரும் என்று கணக்கிடும் கணினி மாதிரியை வைத்து நாங்கள் செய்வதும் அதைத்தான். வரைபடத்தில் தெரிவது கையிருப்பு. வரவும் செலவும் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் தெரியும்.

2014 படத்தில் சிவப்பாக இருந்த இடங்களில் அது புல்வெளிகளும் காடுகளும் எரியும் பருவம். புல்வெளி அடுத்த மழைக்கு முளைத்து, விட்ட கார்பனில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எரித்த நிலக்கரி அப்படித் திரும்புவதில்லை.

கணக்கு சரியாக அமைந்தால் என்ன தெரியும் என்பதற்கு 2015-16 எல் நினோவைச் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வானிலையை மாற்றும் நிகழ்வு) சொல்லலாம். அப்போது புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்த கார்பன் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் காற்றில் கரியமில வாயு வேகமாக ஏறியது. 2011-ஐவிட 2015-ல் வெப்பமண்டல நிலப்பகுதிகள் சுமார் 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாகக் காற்றில் விட்டன என்று 2017-ல் வெளியான ஆய்வு கணித்தது. (இது கார்பன் எடை. கரியமில வாயுவாகச் சொன்னால் 900 கோடி டன்னைத் தாண்டும். செய்திகளில் இந்த இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு.)

எனக்கு அதைவிடப் பிடித்தது, மூன்று கண்டங்களுக்கும் மூன்று காரணங்கள் கிடைத்ததுதான். ஒளிச்சேர்க்கையின்போது இலைகள் மெல்லியதாக ஒளிரும். அந்த ஒளிர்வையும் செயற்கைக்கோள் பிடித்துவிடும். தென் அமெரிக்காவில் அது மங்கியிருந்தது: வறட்சியில் மரங்கள் உள்ளிழுப்பதைக் குறைத்துவிட்டன. ஆப்பிரிக்காவில் மழைக்குக் குறைவில்லை, ஆனால் சூட்டில் மக்கலும் சுவாசமும் கூடின. இந்தோனேசியாவில் தீ. தீ என்பதற்கு, அரைகுறையாக எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு சாட்சி.

ஆனால் இந்தத் தரவைத் தொடும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும். ஒவ்வொரு அளவீட்டோடும் ஒரு தரக்குறி வரும்: 0 என்றால் நல்லது, 1 என்றால் ஒதுக்க வேண்டியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 1 என்பதை 'சரி' என்று எடுத்துக்கொண்டேன். பாலைவனத் தூசியில் குழம்பிய எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, சகாராவில் ஒரு பயங்கரச் சிவப்புத் திட்டைக் கண்டுபிடித்தேன்! இரண்டு நாள் தூக்கமில்லை. மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, குப்பைத்தொட்டியையா வரைந்திருக்கிறீர்கள்?" என்றார்.

மேகம் இன்னொரு தலைவலி. ஒரு நாளைக்குப் பத்து லட்சத்தை ஒட்டிய அளவீடுகள் வந்தாலும், பெரும்பகுதியை மேகமும் தூசியும் தின்றுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் பாதி நாள் ஒன்றும் தெரியாது. நம் பயிர்களும் காடுகளும் மும்முரமாகக் கார்பனை இழுக்கத் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே ஜூலை மாத இந்தியாவை ஓட்டையே இல்லாமல் வண்ணம் பூசிக் காட்டும் படம் வந்தால், செயற்கைக்கோள் பார்த்த இடம் எது, கணினி மாதிரி கணக்குப் போட்டு நிரப்பிய இடம் எது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள்.