லஞ்சம் கேட்டால் 7 நாள் கணக்கு

பட்டா மாறுதலுக்கு 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒரு பெரியவர் என்னிடம் மனு எழுத வந்தார். வேலையும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. புரோக்கரின் எண்ணுக்கு ஜிபேயில் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "இதுதான் தம்பி ஆதாரம்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது வாங்கியவரை மாட்டிவைக்குமோ இல்லையோ, கொடுத்த இவரை மாட்டிவைக்கும்.

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 முதல் இருக்கின்றன. ஊழியர் முழு நேர்மையோடு இருக்க வேண்டும் என்கிறது அது. லஞ்சம் குற்றம் என்று சொல்வது 1988ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டம். 2018 ஜூலையில் அதைத் திருத்தியபோது, கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை என்று ஆக்கிவிட்டார்கள். இது தெரியாமல்தான் பாதிப்பேர் மாட்டுகிறார்கள்.

கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் கொடுத்தவர் தப்பலாம். ஆனால் கொடுத்த 7 நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ புகார் செய்திருக்க வேண்டும். நம் ஊரில் விசாரணை அமைப்பு என்றால் லஞ்ச ஒழிப்புத்துறை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவையும், முதல்வருக்கு அனுப்பிய மனுவையும் நம்பி அந்த 7 நாளைத் தொலைக்காதீர்கள். அந்த மனுக்கள் எங்கே போகும் என்று பல தடவை பார்த்துவிட்டேன். கலெக்டர் ஆபீசிலிருந்து தாலுகாவுக்கு, தாலுகாவிலிருந்து பிர்காவுக்கு, கடைசியில் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது" என்ற ஒற்றை வரியோடு, யார் மேல் புகாரோ அவர் மேசைக்கே வந்து சேரும். மறுநாள் அவரே போன் செய்து "என்னம்மா, என் மேல பெட்டிஷன் போட்டியா?" என்று கேட்பார். இப்படிப் போன் வந்த ஒரு பெண் அப்புறம் அந்த ஆபீஸ் பக்கமே போகவில்லை.

அதனால் கேட்டவுடனே, கொடுப்பதற்கு முன்பே, மாவட்டத்தில் இருக்கும் லஞ்ச ஒழிப்புத்துறை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தால் உங்கள் மேல் குற்றமே வராது. மொட்டைக் கடுதாசி வேண்டாம், அதை வைத்துப் பொறி வைக்க, அதாவது வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்க, முடியாது. யார், எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு, என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்று எழுதுங்கள். "ஊழல் பேர்வழி" என்று பத்து தடவை எழுதுவதைவிட அந்த ஐந்து விவரம் போதும். பேச்சைப் பதிவு செய்திருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள். பதிவான அதே போனைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பொறி வைக்கும் நாளில் நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். இங்கேதான் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். போனதும் பதற்றத்தில் "இந்தாங்க சார்" என்று நீட்டிவிடக் கூடாது. அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் சாட்சி காதில் விழ வேண்டும். பணம் கையில் சிக்கினால் மட்டும் போதாது, கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாட்சி சொல்லச் சில வருடம் கழித்துக் கூப்பிடுவார்கள். சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் போக வேண்டும்.

பணம் கேட்கவில்லை, அலைக்கழிக்கிறார், ஃபைலை அமுக்கி வைத்திருக்கிறார் என்றால் அது துறை நடவடிக்கைக்கான விஷயம். ஆபீஸ்காரர்கள் பயப்படுவது பதினேழு 'பி' மெமோவுக்குத்தான், அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோவுக்கு. சம்பள உயர்வு, பதவி உயர்வு, வேலை வரை அதில் போகும். புகாரை அவருடைய மேலதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "அவர் மேல் என்ன நடவடிக்கை, மெமோ நகல் தாருங்கள்" என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள், அதற்கு 2012ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டுவார்கள். உங்கள் மனுவைப் பற்றியே கேளுங்கள்: எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, அங்கே எத்தனை நாள் இருந்தது, என்ன குறிப்பு எழுதினார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்தப் பெரியவருக்கு, பணம் கொடுத்ததைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பட்டா விண்ணப்பத் தேதியும் எண்ணும் போட்டு, தாமதத்துக்கு மட்டும் மனு எழுதினேன். பணம் கொடுத்த கதையை எங்கும் எழுத்தில் கொடுப்பதற்கு முன், கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே பணம் வாங்குவதில்லை.