அயிலை மீனும் பட்டாளக்காரன் ஸ்கின்னும்
போன வாரம் அக்கா பையன் லேப்டாப்பை தூக்கிட்டு வந்து நிக்கான். "மாமா, கஷ்டப்பட்டு பட்டாளக்காரன் ஸ்கின் ஒண்ணு செஞ்சேன், கூட்டுக்காரனுவ ஒரு மேட்ச் ஆடிட்டு வேண்டாம்னு போயிட்டானுவ." ஸ்கின்னா கேம்ல ஆடுற ஆளுக்கு போடுற உடுப்பும் தோற்றமும். என்னன்னு பாத்தா, பய குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல போட்டோ எடுத்து, அந்த இலை, நிழல், செம்மண் கலரெல்லாம் அப்படியே சீருடைல அப்பி வச்சிருக்கான். நிஜ பட்டாளத்துக்கு நல்லாட்டுதான் இருக்கும், ஆனா கேம்ல நம்மாளு எவன் எதிராளி எவன்னே தெரியாம சொந்த டீம்காரனையே சுட்டுட்டு கெடக்கானுவ.

இதுல என்ன விசயம்னா, நிஜ சீருடையோட வேலை ஆளை மறைக்கது, கேம் ஸ்கின்னோட வேலை ஆளைக் காட்டுகது. ரெண்டும் நேர் எதிர்.

குளச்சல்ல மீன் வாங்கும்போ அயிலையை கவனிச்சிருக்கீங்களா? முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேல இருந்து விழுற வெயில் முதுகை வெளுக்க வைக்கும், வயித்துல நிழல் விழும், மீனோட நிறம் அதை அப்படியே தலைகீழா ஈடு கட்டுறதால உடம்பு தட்டையாகி தண்ணியோட கரைஞ்சுரும். அபட் தேயர்னு ஒரு அமெரிக்க ஓவியர் 1896ல இதை எழுதி வச்சாரு. டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேம் செஞ்சவங்க 2007ல ஒரு பேப்பர் போட்டாங்க, அதுல இதுக்கு தலைகீழ்: காலு இருட்டு, நெஞ்சு வெளிச்சம், ஏன்னா துப்பாக்கி நெஞ்சுக்கு நேராத்தான் இருக்கு, பாக்கவன் கண்ணு முதல்ல அங்க போகணும். சுருக்கமா, அயிலையை கவுத்துப் போட்டா கேம் ஸ்கின்.

இனி ஸ்கின் எப்படி ஒட்டுதுன்னு பாப்போம். கேம்ல உள்ள ஆளு முக்கோணத் துண்டுகளால செஞ்ச வெறும் ஓடு. தையக்காரர் சட்டைத் துணியை வெட்டி தரையில விரிக்க மாதிரி அந்த ஓட்டை பிரிச்சு தட்டையா விரிப்பாங்க, அதுக்கு யூவி மேப்னு பேரு, அது மேலதான் படம் வரையுறது. கூட நார்மல் மேப்னு ஒண்ணு, வெளிச்சம் எந்தப் பக்கமா திரும்பணும்னு மட்டும் சொல்லும், அதனால பாக்கெட்டும் மடிப்பும் நிஜமாட்டு புடைச்சு நிக்கும், முக்கோணம் ஒண்ணுகூட அதிகமாகாது. சொரசொரப்பைச் சொல்லுற ரஃப்னெஸ் மேப்ல பருத்தித் துணி 1 பக்கம், பாலிஷ் போட்ட பக்கிள் 0 பக்கம். ஆளை அசைக்க உள்ள வச்ச எலும்பு, குண்டு படுற ஹிட்பாக்ஸ் எல்லாம் வழக்கமா பழையதேதான்.

பய ரொம்ப ஏமாந்தது மிப்மேப்ல, அதாவது ஒரே படத்தை சின்னது சின்னதாக்கி அடுக்கி வச்சிருக்கதுல. அவன் படம் 2048க்கு 2048, அதாவது 41,94,304 புள்ளி. ஆனா தூரத்துல நிக்க ஆளு ஸ்கிரீன்ல 40 புள்ளி உயரம் வந்தாலே பெருசு. அப்போ ஜிபியு, அதாவது ஸ்கிரீன்ல படம் வரையுற சிப்பு, முழுப் படத்தையும் எடுக்காது, 1024, 512, 256ன்னு பாதி பாதியா குறைச்சு சராசரி பண்ணி வச்ச சின்னப் படத்தைத்தான் எடுக்கும், அந்த சராசரில இவன் பாத்து பாத்து வரைஞ்ச சின்ன இலை, கருப்பு, பழுப்பு எல்லாம் ஒண்ணாச் சேந்து மழைக்குக் கலங்கின குளத்துத் தண்ணி கலராயிரும். தூரத்துக்கு தாக்குப் பிடிக்கது பெரிய திட்டுங்க மட்டும்தான். டிஜிட்டல் கேமோன்னு சொல்லுற மறைப்பு டிசைன் சீருடையிலயும் சின்னச் சின்ன சதுரத்தை வச்சே பெரிய திட்டை உண்டாக்குறது இதுக்குத்தான், கிட்டக்க ஒரு வேலை தூரத்துக்கு ஒரு வேலை. நம்ம இந்திய ராணுவமும் 2022 ஜனவரி 15ல அப்படி ஒரு புது சீருடையை காட்டுச்சு.

மறைக்க ஸ்கின் வித்தா என்ன ஆகும்? வார்ஸோன்னு ஒரு துப்பாக்கி கேம்ல ரோஸ்னு ஒரு கேரக்டருக்கு கருப்பு ஸ்கின் ஒண்ணு இருந்துச்சு, இருட்டு மூலையில நின்னா ஆளே தெரியாது, காசு குடுத்தவன் ஜெயிக்கான்னு ஒரே சண்டை, கடைசில 2021ல கேம் செஞ்சவங்களே அதை மாத்தவேண்டி வந்துச்சு.

பய போயி திட்டை பெருசாக்கி, நெஞ்சை வெளுப்பாக்கி, பேண்டை இருட்டாக்கி கொண்டு வந்தான், இப்போ பாத்ததும் தெரியுது. ஆனா கூடவே செஞ்ச டாக்டர் ஸ்கின்னோட பையில சிவப்பு சிலுவை. "லேய் மக்கா, அது ஜெனீவா ஒப்பந்தத்துல பாதுகாக்கப்பட்ட சின்னம், 2017ல செஞ்சிலுவைச் சங்கத்துக்காரனுவ பிரிசன் ஆர்க்கிடெக்ட்னு ஒரு கேமையே மாத்த வச்சிருக்கானுவ, எடுத்துரு"ன்னேன். சரின்னு போயி பச்சையாக்கிட்டு வந்தான். ரப்பர் தோட்டத்துப் பச்சை மேல பச்சை சிலுவை. இன்னா, திரும்ப லேப்டாப்போட வாசல்ல நிக்கான்.