காது மிஷின் பீரோவுக்குள் போகாமல் இருக்க

பிள்ளைகள் ஆசையாகப் பணம் போட்டு வாங்கித் தந்த காது மிஷின் பல வீடுகளில் பீரோவுக்குள்தான் கிடக்கிறது. பெரியவர் இரண்டு நாள் மாட்டிப் பார்த்திருப்பார். "ஒரே இரைச்சல், எனக்கு ஒத்துவராது" என்று கழற்றி டப்பாவில் வைத்திருப்பார். கோவைப் பக்கம் ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துபவராக இருக்கும் நான் இப்படி டப்பாவோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கருவியைச் சோதித்தால் நன்றாகவே வேலை செய்யும். "முதல் சில வாரம் வீட்டில் யார் கூட இருந்து பழக்கினார்கள்?" என்று கேட்டால்தான் பதில் வராது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வயதாகும்போது கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் குறையும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் காதில் விழும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் நழுவிவிடும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். "சத்தம் கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது அப்படியே உண்மை. இந்த இழப்பு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால், மின்விசிறி, குழாய்த் தண்ணீர், செருப்புச் சத்தம் இல்லாத ஓர் உலகத்துக்கு மூளை பழகிவிடுகிறது. மிஷினைப் போட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன. எது பேச்சு, எது வேண்டாத சத்தம் என்று மூளை மறுபடியும் பிரித்துப் பழகச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். அதனால்தான் முதல் நாளிலேயே முழு அளவில் ஒலியைக் கூட்டாமல், கொஞ்சம் குறைத்து வைத்துப் படிப்படியாக ஏற்றுகிறோம்.

தறிக்கூடத்தில் பல காலம் வேலை பார்த்த ஒரு பெரியவரை மகளும் கல்லூரியில் படிக்கும் பேத்தியும் கூட்டி வந்தார்கள். தறிக்கூடங்களில் 90 டெசிபலைத் தாண்டிய சத்தம் சாதாரணம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு. அவருடைய பரிசோதனை வரைபடத்தில் வயதும் தறியும் சேர்ந்து செய்த வேலை தெளிவாகத் தெரிந்தது. மிஷின் என்றதும், "ஏனுங்க, இதைப் போட்டா ஊரெல்லாம் செவிடன்னு சொல்லுமுங்க" என்றார். மகள் வாதாடத் தொடங்கினார். பேத்தி மட்டும் என்னிடம், "அப்புச்சி வீட்டுக்குள்ள மட்டும் போட்டாப் போதுங்களா?" என்று கேட்டாள். இப்போதைக்கு அது போதும் என்றேன்.

அதற்கப்புறம் அந்தப் பெண் செய்ததைத்தான் இப்போது எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறேன். காலையில் திண்ணையில் தாத்தா மடியில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வார். அதே செய்தியை அவள் போனில் பார்த்து, சாதாரணக் குரலில், அவசரமில்லாமல் வாசிப்பாள். கண் பார்க்கிற சொல்லைக் காது கேட்கும்போது மூளைக்கு ஒலியைப் பொருத்திப் பார்க்க எளிதாக இருக்கும். அரை மணி நேரம்தான். அவர் இன்னும் வேண்டும் என்றாலும் கழற்றிவிடுவாள். பிறகு இரவுச் சாப்பாட்டின்போது இருவர் மூவர் பேச்சு, அப்புறம் டிவி செய்தி, அதற்குப் பிறகு டீக்கடை. கல்யாண மண்டபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நாதஸ்வரமும் மைக்கும் நூறு பேர் பேச்சும் கலந்த இடம் பழகிய காதுக்கே கஷ்டம்.

தினக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அவள் குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். "மிக்ஸி – தாங்க முடியல. குக்கர் விசில் – பரவாயில்லை. பேப்பர் மடிக்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம் – எரிச்சல். தன் குரல் குடத்துக்குள்ள பேசற மாதிரி." எங்களுக்கு இதைவிட உதவியான தகவல் கிடையாது. பேப்பரும் தட்டும் கீச்சென்ற மேல்சுருதிச் சத்தங்கள், அந்தச் சுருதியில் மட்டும் ஒலி அளவைச் சற்றுக் குறைத்தேன். குடத்துச் சத்தத்துக்குக் காரணம் காதை முழுவதும் அடைத்திருந்த ரப்பர் முனை. காற்றோட்டமுள்ள முனையை மாற்றியதும் சரியானது. "சரியா கேக்கல" என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு துல்லியமாக என்னால் சரிசெய்திருக்க முடியாது. அடுத்த முறை வந்தபோது, வெளியே கிளம்பும் நேரத்தில் அவரே "மிஷின் எங்க கண்ணு?" என்று தேடுவதாக மகள் சொன்னார்.

அந்தப் பேத்தி செய்யாமல் விட்டதும் முக்கியம். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டு, "கேக்குதா, கேக்குதா?" என்று அவள் சோதிக்கவே இல்லை. பாசத்தில்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் தோற்கிற தேர்வுக்கு யார்தான் ஆசையாக உட்காருவார்கள்? "இவ்ளோ காசு போட்டு வாங்கினோமே" என்ற பேச்சும் வேண்டாம். மிஷின் போட்ட பிறகும் சமையலறையிலிருந்து கூவினால் புரியாது. எதிரே வந்து, முகம் தெரியும்படி நின்று, பேரைச் சொல்லி அழைத்துவிட்டுப் பேசுங்கள். கத்தினால் ஒலி சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். ஒருமுறை புரியாவிட்டால் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். எதைச் சொன்னாலும் சொல்லுங்கள், "ஒண்ணுமில்ல விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கிப் போவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

கருவியைக் கையாளுவதும் உங்கள் உதவியோடு பழக வேண்டியதுதான். பொத்தான் பேட்டரிகளில் வண்ணத் தாள் ஒட்டியிருக்கும்: 10-ஆம் எண்ணுக்கு மஞ்சள், 312-க்கு பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். அந்தத் தாளை உரித்தால் காற்று பட்டு பேட்டரி வேலை செய்யத் தொடங்கும்; ஒரு நிமிடமாவது வைத்திருந்து பிறகு போடுங்கள். விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கு சார்ஜ் செய்யும் வகையே நல்லது. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வையுங்கள். வியர்வையும் காதழுக்கும்தான் நம் ஊரில் கருவிக்கு முதல் எதிரி. திடீரென்று சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் முனையில் அழுக்கு அடைத்திருக்கும். காதில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள்.

பணம் தடையாக இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு அங்கே இலவசமாகக் கருவி தருகிறார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது கருவி உண்டு. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் ஒலிபெருக்கிகளைப் பரிசோதனை இல்லாமல் வாங்கித் தராதீர்கள். நன்றாகக் கேட்கும் ஒலியையும் சேர்த்தே அவை கூட்டும். அதை ஒருமுறை போட்டுப் பயந்தவரை நல்ல கருவிக்குச் சம்மதிக்க வைப்பது இரட்டை வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் மெல்லக் குறையும் செவித்திறனுக்குத்தான். ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு காது திடீரென்று அடைத்தாற்போல் கேட்காமல் போனால் அது அவசரம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சிகிச்சை தள்ளிப்போனால் பலன் குறையும். சீழ் வடிந்தாலும், தலைசுற்றல் இருந்தாலும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிற்காமல் கேட்டாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கருவி பொருத்த வரும் நாளில், வீட்டில் அவரோடு அதிகம் பேசுகிற ஒருவர் கூட வாருங்கள். பணம் கட்டுகிறவரே வர வேண்டும் என்றில்லை. பேரன், பேத்தி, மருமகள் யாராக இருந்தாலும் சரி. பேட்டரி மாற்றுவதை என் முன்னாலேயே இருவரும் செய்து பாருங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது அதே ஆள், குறிப்பெழுதிய தாளோடு வரட்டும். என் கேள்விகளுக்குப் பெரியவரே பதில் சொல்லட்டும், விட்டுப்போனதை அப்புறம் நீங்கள் சேர்த்துச் சொல்லலாம்.