‘பணக்கார டீம், கண்டிப்பா ஜெயிக்கும்’ என்று சம்பளத்தைக் கட்டுகிறவர்களுக்கு

காற்பந்து சீசன் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இன்னொரு வீட்டு ஏ.டி.எம். அட்டை வட்டி முதலையின் கைக்குப் போய்விட்டது. பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கிற யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. பதினாறு வயதில் திடலில் ஓடியவன் இருபது வயதில் செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போகிறான். சனிக்கிழமை இரவு மாமாக் கடைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சம்பளத்தைப் பந்தயத்தில் கட்டுகிறான். ஏன்டா என்றால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: “கோச், காசு இருக்கிற டீம்தானே ஜெயிக்கும்? முடிவு தெரிஞ்ச ஆட்டம் கோச், இதுல என்ன ரிஸ்க்?”

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பாதி உண்மையாக இருப்பதால்தான் இது இவ்வளவு பேரைக் கவிழ்க்கிறது. பணக்காரக் கிளப்புகள் காற்பந்தைக் கையில் வைத்திருக்கின்றன என்பது சரி. அதனால் இந்த வார ஆட்டத்தின் முடிவு தெரியும் என்பது தவறு. பட்டத்தைப் பணம் ஏறக்குறைய முடிவு செய்கிறது. ஓர் ஆட்டத்தை அது முடிவு செய்வதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இடத்தில்தான் பணம் போகிறது.

கணக்கைப் பாருங்கள், தம்பிகளே. 2022–23 பருவத்தில் பாயர்ன் மியூனிக் தொடர்ந்து 11-ஆவது முறையாக ஜெர்மன் பட்டத்தை வென்றது. பதினோரு வருடம் ஒரே கிளப். இதைவிடப் போட்டியில்லாத லீக் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தப் பருவத்தின் 34 ஆட்டங்களில் பாயர்ன் வென்றவை 21. சமன் 8, தோல்வி 5. அதாவது 13 ஆட்டங்களில் அந்தச் சாம்பியன் ஜெயிக்கவில்லை. கடைசி நாளில் டோர்ட்மண்ட் சொந்தத் திடலில் மைன்ஸிடம் 2–2 என்று சமன் கண்டிருக்காவிட்டால் பட்டமே கை மாறியிருக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாயர்ன் பக்கம் 1.30 விலையில் (100 கட்டி ஜெயித்தால் 130 திரும்பும்) 100 ரிங்கிட் கட்டியிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 21 வெற்றிக்கு 630 ரிங்கிட் லாபம். 13 ஆட்டத்துக்கு 1,300 ரிங்கிட் போயிற்று. சாம்பியன் பக்கமே நின்று 670 ரிங்கிட் நட்டம்.

அது பாயர்னுக்குச் சுமாரான பருவம் என்று சொல்வீர்கள். சரி, ஆகச் சிறந்ததையே எடுப்போம். 2017–18-இல் மான்செஸ்டர் சிட்டி 100 புள்ளிகள் எடுத்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வேறு எந்தக் கிளப்பும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. 38 ஆட்டத்தில் 32 வெற்றி, 4 சமன், 2 தோல்வி. அப்படிப்பட்ட அணிக்கு நல்ல விலை யாரும் தரமாட்டான். சராசரி 1.15 என்று வையுங்கள். வெற்றிக்கு 32 தடவை 15 ரிங்கிட், மொத்தம் 480. வெல்லாத 6 ஆட்டத்துக்கு 600. அந்த லீக் கண்ட மிகப் பெரிய பருவத்தில், மிகச் சிறந்த அணியின் மேல், ஓர் ஆட்டம் விடாமல் கட்டினாலும் 120 ரிங்கிட் கையை விட்டுப் போகிறது.

அதே சிட்டி, அதே பருவத்தில், 2018 பிப்ரவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் விகனிடம் 0–1 என்று தோற்று வெளியேறியது. விகன் அப்போது மூன்றாம் பிரிவு அணி. சிட்டியின் டெல்ஃப் இடைவேளைக்குச் சற்று முன் சிவப்பு அட்டை வாங்கினார், 79-ஆம் நிமிடத்தில் வில் கிரிக் கோல் போட்டார், முடிந்தது. எந்தப் பணமும் அந்தச் சிவப்பு அட்டையை முன்கூட்டியே பார்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் நான்காம் பிரிவு கிரிம்ஸ்பி, லீக் கிண்ணத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பெனால்டியில் வீழ்த்தியது. 2021 செப்டம்பரில் மால்டோவாவின் ஷெரிஃப், ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த அரங்கிலேயே 2–1 என்று வென்றது. 2023 நவம்பரில் பாயர்ன், மூன்றாம் பிரிவு சார்புரூக்கனிடம் தோற்றது. இவை விதிவிலக்கு என்பார்கள். விலை 1.10-க்கு இறங்கும்போது, பதினோரு ஆட்டத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு வந்தாலே லாபம் சுழியாகிவிடும். இரண்டு வந்தால் நட்டம்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. காற்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல் பக்கம்தான் விழுகிறது. கூடைப்பந்து மாதிரி நூறு புள்ளி குவிகிற விளையாட்டில் தரமானவன் மேலே வந்துவிடுவான். இங்கே ஒரு கார்னர், பந்து கையில் பட்ட ஒரு தவறு, காலில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து போதும். 38 ஆட்டம் சேர்ந்தால் இந்த அதிர்ஷ்டமெல்லாம் சமமாகி, ஆழமான ஆட்டக்காரர் பட்டியல் உள்ளவன் மேலே நிற்பான். 90 நிமிடத்தில் அது சமமாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பலவீனமான அணிக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்: இரண்டு வரிசையாகப் பின்வாங்கி நில்லுங்கள், வரிசைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், ஓரங்களைக் கொடுத்துவிட்டு நடுவைக் காப்பாற்றுங்கள், பந்து கிடைத்ததும் முதல் பாஸ் முன்னோக்கியே போகட்டும், ஃப்ரீ கிக்கையும் கார்னரையும் வீணாக்காதீர்கள். எதிரணி எழுபது விழுக்காடு பந்தை வைத்துக்கொண்டு ஒரு கோலும் போடாமல் வெளியேறலாம். பெரிய கிளப்புகளுக்கோ பருவத்துக்கு அறுபது ஆட்டம் வரை இருக்கும். நான்கு நாளில் சாம்பியன்ஸ் லீக் இருந்தால் முக்கியமான ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடுவார்கள். யார் ஆடுகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் ஆட்டத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால்தான் வெளியாகும். நீங்களோ மத்தியானமே கட்டிவிட்டிருப்பீர்கள்.

இனி, பணம் உண்மையிலேயே நாசம் செய்கிற இடத்துக்கு வருவோம். அதை மறைக்க முடியாது. சம்பளப் பட்டியலில் மேலே இருப்பவன் லீக் பட்டியலிலும் மேலே இருப்பான். ஒரு வருடம் தவறலாம், பத்து வருடத்தில் தவறாது. சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினால் பணம் வரும், அந்தப் பணத்தில் ஆட்டக்காரர் வருவார், அடுத்த வருடமும் சாம்பியன்ஸ் லீக். 2004-இல் போர்த்துகலின் போர்ட்டோ வென்றது. அதற்குப் பின் 2024 வரை அந்தக் கிண்ணம் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி தவிர வேறு நாட்டுக்குப் போகவில்லை. 2025-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினுக்குப் போனது. அந்தக் கிளப்போ 2011 முதல் கட்டார் அரசுப் பணத்தில் ஓடுகிறது. 2019-இல் அரையிறுதி வரை வந்த அயாக்ஸ், அதே கோடையில் டி யோங்கைப் பார்சிலோனாவிடமும் டி லிக்டை யுவெண்டஸிடமும் இழந்தது. வளர்த்தவனிடம் ஆட்டக்காரன் தங்குவதில்லை. இங்கிலாந்தில் 2023–24-இலும் 2024–25-இலும் கீழிருந்து ஏறிவந்த மூன்று கிளப்புகளும் அதே வருடத்தில் திரும்ப இறங்கின. சவுத்தாம்டன் 12 புள்ளிகளோடு போனது.

உடனே லெஸ்டர் கதையோடு சிலர் வருவார்கள். 2016-இல் லெஸ்டர் பட்டம் வென்றது, 5,000-க்கு 1 விலை இருந்தது, ஆகவே பணம் முக்கியம் இல்லை என்று. அதே லெஸ்டர் 2023-இலும் 2025-இலும் லீக்கிலிருந்து இறங்கியது. ஒரு தடவை நடந்ததை எடுத்துக்கொண்டு சிறிய அணிகள் மேல் கட்டுவதும் அதே முட்டாள்தனம்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

நம் நாட்டிலேயே பாருங்கள். ஜொகூர் டாருல் தக்சிம் (ஜே.டி.டி.) 2014 முதல் 2024–25 வரை தொடர்ந்து 11 சூப்பர் லீக் பட்டங்கள். அதே ஜே.டி.டி. 2021 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூர் சிட்டியிடம் 0–2 என்று தோற்றது. அந்த வருட லீக் பட்டமும் ஜே.டி.டி.யிடம்தான் இருந்தது. பட்டம் வேறு, ஆட்டம் வேறு என்பதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. மனம் வலிக்கிற இடம் வேறு. நம் பேராக் அணி 2025-இல் சூப்பர் லீக்கை விட்டே விலகியது. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஸ்ரீ பகாங்கும் போய்விட்டது. இந்தியர்களின் காற்பந்துச் சங்கமான மிஃபாவில் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கைத் தொட்ட கிளப் 2022-க்குப் பின் இல்லை. ஏற்றத்தாழ்வின் உண்மையான விலை இதுதான்: கீழே இருக்கிற கிளப்புகள் செத்துப்போகின்றன, தோட்டத்துப் பையன் ஏறுவதற்கு வைத்திருந்த ஏணியில் படிகள் குறைகின்றன. கோபம் வர வேண்டிய இடம் அது. அந்தக் கோபத்தை விட்டுவிட்டு, ஏற்றத்தாழ்வை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று கிளம்புகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிட்டி பணக்காரக் கிளப் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த செய்தியா? விலை போடுகிறவனுக்கும் தெரியும். அந்தப் பணபலத்தை விலையில் ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் உங்களிடம் நீட்டுகிறான். ஹாண்டிகேப்பில், அதாவது பெரிய அணி சில கோல்களை முன்கூட்டியே விட்டுக்கொடுத்ததாகக் கணக்குப் போடும் பந்தயத்தில், அது ஒன்றரை கோல் கொடுக்க வேண்டும் என்றால், அது 1–0 என்று ஜெயித்தாலும் நீங்கள் தோற்றீர்கள். இங்கே விலை 0.95 என்றால் 100 கட்டி ஜெயித்தால் லாபம் 95, தோற்றால் நட்டம் 100. நூறு ஆட்டத்தில் 51-ஐச் சரியாகச் சொல்லுங்கள், 4,845 வரும், 4,900 போகும். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னவனும் நட்டத்தில்தான் வீட்டுக்குப் போகிறான்.

பார்லே, அதாவது பல ஆட்டங்களை ஒரே பந்தயமாகச் சேர்த்துக் கட்டுவது, இன்னும் மோசம்; ஒன்று தவறினாலும் முழுப் பணமும் போகும். ஐந்து பெரிய அணிகள், ஒவ்வொன்றும் 1.20, சேர்த்துப் பெருக்கினால் 2.49 வரும். 100 கட்டினால் 249 திரும்பும், அதனால் ஆசை. ஒவ்வோர் அணியும் பத்துக்கு எட்டு தடவை ஜெயிக்கிற அணி என்றே வையுங்கள். ஐந்தும் ஒரே இரவில் ஜெயிப்பது மூன்று தடவைக்கு ஒரு தடவைதான். மூன்று வாரம் 300 கட்டி, ஒரு வாரம் 249 வாங்குவீர்கள். “ஒரு டீம்தான் கோச் கவுத்துச்சு” என்று ஒவ்வொரு வாரமும் வந்து சொல்லாதீர்கள். ஐந்தில் ஒன்று கவிழ்க்கும் என்பதை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை.

பந்தயம் வாங்குகிற ஏஜென்டிடம் கணக்கு வைத்துக் கடனில் ஆடாதீர்கள். கையில் காசு கொடுக்காமல் ஆடுவதால் வாரக் கடைசியில் தொகையைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரே வாரக் கணக்கு அதைத் தாண்டிவிடும். நாட்டில் காற்பந்துப் பந்தயம் சட்டவிரோதம், 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தமே செல்லாது. நீங்கள் ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் கேட்க நாதியில்லை. அவனும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, மிரட்ட மட்டுமே முடியும்.

தோற்றதை மீட்க வட்டி முதலையிடம் போகவே போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடைமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்று ஒருவன் சொன்னால் வருடத்துக்கு 520. ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்கிறவன் கடன் கொடுக்கிறவன் இல்லை, உங்கள் சம்பளத்தை எடுத்துக்கொள்ளப் போகிறவன். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? நாளைக் காலை வங்கிக்குப் போய் அட்டையை முடக்குங்கள், சம்பளம் வேறு கணக்குக்குப் போகும்படி தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், மிரட்டல் குறுஞ்செய்திகளை அழிக்காமல் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். உங்கள் வங்கிக் கணக்கை “கொஞ்ச நாளைக்கு” இரவல் கேட்டால் கொடுக்காதீர்கள், அது தனிக் குற்றம். வங்கிக் கடன், மோட்டார் கடன் என்று தவணை தவறிக்கிடந்தால் ஏ.கே.பி.கே.க்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு, ஆலோசனை இலவசம். வட்டி முதலையின் கடனை அவர்கள் தீர்த்துவைக்கமாட்டார்கள், மற்றக் கடன்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பார்கள். வீட்டில் நிலைமை கைமீறினால் 15999-க்கு அழையுங்கள், அது தாலியான் காசிஹ் (Talian Kasih) என்ற உதவித் தொலைபேசி எண்.

அம்மா அப்பாக்களே, திட்டி அடித்து ஒன்றும் ஆகாது. உங்கள் நகையை விற்று ஏஜென்டின் கணக்கைத் தீர்க்காதீர்கள். ஒரு தடவை வீட்டிலிருந்து பணம் வந்தால் அடுத்த தடவை அவனுக்குப் பெரிய தொகை கடன் கிடைக்கும். கடன் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த உதவியும் வேண்டாம்.

சக பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் ஒரு தாளைக் கொடுங்கள். வார இறுதியின் பத்து ஆட்டங்களை எழுதி, யார் ஜெயிப்பார் என்று குறிக்கட்டும். காசு வேண்டாம், பேர் மட்டும். தாளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்ற விடாதீர்கள். அடுத்த பயிற்சியில் எண்ணுங்கள். சமனில் முடிந்தவற்றைத் தோல்வியாகவே எண்ண வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் ஏமாற்றிக்கொள்வார்கள். பத்து வாரம் விடாமல் செய்யுங்கள். பெரிய அணிகளின் ஆட்டங்களைத் தனி வரிசையில் போட்டுக் கூட்டிக் காட்டுங்கள், கூட்டலைப் பிள்ளைகளே செய்யட்டும்.