கையொப்பங்களால் எழுந்த சர்வாதிகாரம்: முசோலினியின் இத்தாலி

1929 மார்ச் 24 அன்று இத்தாலியில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. வாக்களிக்க வந்தவரிடம் இரண்டு சீட்டுகள் தரப்பட்டன. முசோலினியின் பாசிசக் கட்சியின் உச்ச அமைப்பான பாசிச மாமன்றம் தேர்ந்தெடுத்த 400 பேர் கொண்ட பட்டியலை ஏற்கிறீர்களா என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் இருந்தது. 'ஆம்' என்ற சீட்டில் தேசியக் கொடியின் மூன்று நிறங்கள் இருந்தன. 'இல்லை' என்ற சீட்டு வெறும் வெள்ளைத் தாள். ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்பதால், யார் எதைப் போட்டார் என்பது அங்கே உட்கார்ந்திருந்த கட்சிக்காரருக்குத் தெரியாமல் போக வழியில்லை. ஏறத்தாழ 85 லட்சம் பேர் 'ஆம்' என்றனர். 'இல்லை' என்றவர்கள் சுமார் 1,36,000 பேர். அந்த ஒன்றே கால் லட்சத்துக்கு மேற்பட்டோரின் துணிச்சலைத்தான் நான் வியக்கிறேன்.

இதே கட்சிக்கு 1921 தேர்தலில் 535 இடங்களில் வெறும் 35 இடங்களே கிடைத்திருந்தன. அதற்கு முன் 1919இல் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட பத்தாண்டுகளில் நடந்ததைத் திடீர்ப் புரட்சி என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆவணங்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தடுத்திருக்கக்கூடிய இடத்தில் இருந்த ஒவ்வொருவரும், தமக்கென ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு, ஒரு படியில் ஒப்புதல் தந்தார்கள். அடியாட்கள் அஞ்சவைத்தார்கள், ஆட்சியைக் கட்டியவை ஆணைகளும் சட்டங்களுமே.

முதல் ஒப்புதல் வயல்வெளியில் கிடைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் போ ஆற்றுச் சமவெளியில் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் வலுப்பெற்றிருந்தன. அவற்றை உடைக்க நிலவுடைமையாளர்கள் பாசிச அடியாட்களான கருஞ்சட்டைப் படையினருக்குப் பணமும் வண்டிகளும் தந்தனர். (நம் ஊரில் கருஞ்சட்டை என்றால் நினைவுக்கு வரும் இயக்கம் வேறு, இதனோடு அதற்கு எந்த உறவும் இல்லை.) சங்க அலுவலகங்கள் எரிக்கப்பட்டன, தலைவர்கள் வீடு புகுந்து தாக்கப்பட்டனர், காவல்துறையினர் பல இடங்களில் கண்டும் காணாமல் இருந்தனர். அன்றைய பிரதமர் ஜொலித்தி, தேர்தல் கூட்டணியில் சேர்த்துக்கொண்டால் இவர்கள் அடங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். அந்த 35 இடங்கள் அப்படி வந்தவைதான்.

1922 அக்டோபர் 28 அன்று கருஞ்சட்டையினர் ரோமை நோக்கித் திரண்டபோது பிரதமர் ஃபக்தா, இராணுவத்தை இறக்க வழிவிடும் முற்றுகைநிலைப் பிரகடனத்தைத் தயாரித்து அரசரிடம் கொண்டுபோனார். மூன்றாம் விட்டோரியோ இம்மானுவேல் கையொப்பமிட மறுத்தார். மழையில் நனைந்து, அரைகுறை ஆயுதங்களோடு வந்த அந்தக் கூட்டத்தை இராணுவம் கலைத்திருக்க முடியும் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. முசோலினியோ அந்த அணிவகுப்பில் நடக்கவே இல்லை. மிலானில் காத்திருந்து, அரசரின் அழைப்பு வந்த பிறகு இரவு ரயிலில் படுக்கை வசதியோடு ரோம் வந்து, முறைப்படி பிரதமரானார்.

அடுத்த ஆண்டே இரண்டு வேலைகள் முடிந்தன. கட்சியின் அடியாட்படை அரசுச் சம்பளம் பெறும் தன்னார்வப் படையாக மாற்றப்பட்டது. நேற்றுவரை குற்றமாக இருந்தது அரசுப் பணியாயிற்று. அதிக வாக்கு பெறும் பட்டியல் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் என்ற அச்செர்போ சட்டத்தை, பாசிசக் கட்சியினர் சிறுபான்மையாக இருந்த நாடாளுமன்றமே நிறைவேற்றியது. 1924 ஏப்ரல் தேர்தல் அச்சுறுத்தலுக்கிடையே நடந்தது. மே 30 அன்று சோசலிச உறுப்பினர் ஜாக்கோமோ மத்தியோத்தி, இடையூறுக் கூச்சல்களைப் பொருட்படுத்தாமல், அந்த முறைகேடுகளை அவையில் அடுக்கடுக்காகச் சொல்லி, தேர்தலை ரத்து செய்யக் கோரினார். ஜூன் 10 அன்று ரோமில் அவரைக் காரில் கடத்திக் கொன்றார்கள். ஆகஸ்டில்தான் உடல் கிடைத்தது.

அந்தக் கோடையில் ஆட்சி ஆட்டம் கண்டது உண்மை. எதிர்க்கட்சியினர் அவையைப் புறக்கணித்து, அரசர் தலையிடுவார் என்று காத்திருந்தனர். அரசரோ, அவையில் பெரும்பான்மை முசோலினியிடம் இருக்கிறதே என்று அசையாமல் இருந்தார். புறக்கணிப்பு அறத்தின் பார்வையில் சரியாக இருக்கலாம். அரசியலில் அது அவையைக் காலி செய்து எதிரியிடம் கொடுத்ததாகவே முடிந்தது என்பது என் கருத்து. 1925 ஜனவரி 3 அன்று, நடந்த அனைத்துக்கும் அரசியல் பொறுப்பும் அறப்பொறுப்பும் வரலாற்றுப் பொறுப்பும் தன்னுடையவை என்று முசோலினி அவையிலேயே அறிவித்தார். முடிந்தால் என்மீது குற்றம் சாட்டுங்கள் என்ற சவாலுக்கு யாரும் எழவில்லை.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1925 டிசம்பரில் அரசாங்கத்தின் தலைவரான முசோலினி நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர் அல்லர், அரசருக்கு மட்டுமே என்றாயிற்று. முசோலினியின் இசைவின்றி எந்தப் பொருளும் விவாதத்துக்கு வர முடியாது. 1926இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த்தலைவர்களுக்குப் பதில் மேலிருந்து நியமிக்கப்பட்ட 'பொதெஸ்தா' என்ற அதிகாரி வந்தார். வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று பொலோனியாவில் முசோலினியைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணம் காட்டி, எதிர்க்கட்சிகள் கலைக்கப்பட்டு, அவற்றின் உறுப்பினர்கள் பதவி இழந்தனர். அரசியல் எதிரிகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் ஒன்று அமைந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அந்தோனியோ கிராம்சி அந்த நவம்பரில்தான் கைதானார். விசாரணையின்றியே லிபாரி, உஸ்திகா போன்ற தீவுகளுக்கு அனுப்பும் முறையும் நடைமுறைக்கு வந்தது. இத்தனையிலும் 1848ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் ஒருநாளும் ரத்து செய்யப்படவில்லை. மேலோட்டை அப்படியே விட்டு உள்ளிருக்கும் பருப்பைத் தின்றுவிட்ட தேங்காய் அது.

ஆனாலும் ஆட்சி முழுமையாக இறுகிவிடவில்லை. தொழிலதிபர்கள், அரசர், இராணுவம், திருச்சபை ஆகிய ஒவ்வொருவரிடமும் முசோலினி தனித்தனியே பேரம் பேசியிருந்தார். 1929 பிப்ரவரியில் போப்பாண்டவரோடு செய்த லாத்தரன் உடன்படிக்கை அவற்றுள் மிகப் பெரியது. எதிர்ப்பை அடக்க இந்தப் பேரங்கள் போதுமானவையாக இருந்தன. அவரை இவர்கள் எல்லோருக்கும் மேலே நிறுத்தப் போதவில்லை. தேர்தலும் பத்திரிகையும் சங்கமும் இல்லாத நாட்டில் மக்களின் ஆதரவை ஓயாமல் மெய்ப்பித்துக் காட்ட என்ன வழி? வெற்றிதான் வழி, அதுவும் வெளியில் கிடைக்கும் வெற்றி. ஆக்கிரமிப்பைப் பாசிச ஆட்சியின் வெளியுறவுக் கொள்கை என்று தனியே பிரித்துப் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்நாட்டு அதிகாரத்தின் தேவையிலிருந்து அது முளைத்தது.

1923இலேயே கிரேக்கத்தின் கோர்ஃபு தீவைக் குண்டுவீசிப் பிடித்து, இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகியது ஒரு முன்னோட்டம். இத்தாலியின் காலனியாக இருந்த லிபியாவில் எதிர்ப்பை நசுக்க, 1930இல் மலைப்பகுதி மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை முகாம்களில் அடைத்தார்கள். எகிப்து எல்லையில் சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்வேலி போட்டார்கள். அந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய, எழுபதைத் தாண்டிய உமர் அல் முக்தாரை 1931 செப்டம்பரில் மக்கள் முன் தூக்கிலிட்டார்கள்.

1935 அக்டோபர் 3 அன்று போர்ப் பிரகடனம் இல்லாமலே எத்தியோப்பியா மீது படையெடுப்பு தொடங்கியது. 1896இல் எத்தியோப்பியாவிடம் அத்வாவில் பட்ட தோல்விக்குப் பழிதீர்ப்பது என்ற பேச்சு மக்களிடம் எடுபட்டது. ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் நவம்பரில் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் பட்டியலில் பெட்ரோலியம் இல்லை, சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இத்தாலியக் கப்பல்கள் கட்டணம் செலுத்திவிட்டுப் படைகளோடு கடந்துபோயின. எண்ணெயைத் தடுத்திருந்தால் ஒரு வாரத்தில் பின்வாங்கியிருப்பேன் என்று முசோலினி பின்னாளில் ஹிட்லரிடம் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் பதிவு செய்திருக்கிறார்.

அரைகுறைத் தடை அவருக்கு உதவியாகவே அமைந்தது. உலகமே நம்மை நெரிக்கிறது என்று காட்டி, டிசம்பர் 18 அன்று திருமண மோதிரங்களை நாட்டுக்குத் தரும் நாள் கொண்டாடப்பட்டது. ரோமில் அரசி எலெனா முதலில் தன் மோதிரத்தை இட்டார். பின்னால் பெண்கள் வரிசையாக வந்து தங்கத்தைக் கொடுத்து இரும்பு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டனர். 'ஆம்' சீட்டைப் போடுவதில் அச்சம் கலந்திருந்தது. இதில் பெருமிதமும் கலந்தது. அதே டிசம்பரில்தான் எத்தியோப்பியாவில் கடுகு வாயுக் குண்டுகள் வீசப்படத் தொடங்கின. நச்சுவாயுவைத் தடைசெய்யும் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறையில் இத்தாலி கையொப்பமிட்டிருந்தது. அனுமதி தந்த தந்திகள் முசோலினியுடையவை. இத்தாலிய அரசு இதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று.

1936 மே 5 அன்று அடிஸ் அபாபா வீழ்ந்தது. நான்கு நாள் கழித்துப் பேரரசு அறிவிக்கப்பட்டது. முசோலினியின் செல்வாக்கு உச்சத்தைத் தொட்டது அப்போதுதான். ஆனால் வெற்றியைக் கொண்டு நடத்தும் ஆட்சிக்கு அடுத்த வெற்றி உடனே தேவைப்பட்டது. ஸ்பெயினில் கலகத் தளபதி பிராங்கோவுக்குப் படை அனுப்பினார். 1938இல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. 1939 ஏப்ரலில் அல்பேனியா பிடிக்கப்பட்டது. எத்தியோப்பியாவிலும் ஸ்பெயினிலும் செலவான ஆயுதங்களையும் அன்னியச் செலாவணியையும் ஈடுகட்ட இத்தாலியின் தொழில்துறையால் முடியவில்லை.

இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் இடத்தில் யாருமில்லை. 1933 முதல் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்று அமைச்சகங்களையும் முசோலினியே வைத்திருந்தார். 1940 அக்டோபர் 15 அன்று ரோமில் கூட்டிய ஒரு கூட்டத்தில் கிரேக்கத்தைத் தாக்குவது என்று முடிவாயிற்று. படைவீரர்களில் லட்சக்கணக்கானோரை ஊருக்கு அனுப்பும் ஆணை அந்த மாதம்தான் பிறந்திருந்தது. மலைகளில் மழைக்காலமும் தொடங்கிவிட்டது. அல்பேனியாவில் இருந்த தளபதி விஸ்கோன்தி பிராஸ்கா எல்லாம் தயார் என்றார். மற்றவர்கள் முடிவை மறுக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள், ரோம் அணிவகுப்பின் ஆண்டுநாளான அக்டோபர் 28 அன்று, படைகள் எல்லையைக் கடந்தன. நவம்பர் முடிவதற்குள் கிரேக்கர்கள் அவர்களை அல்பேனியாவுக்குள்ளேயே துரத்தியிருந்தனர்.